பிலோமி அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள்

இந்த மேஜைக்கே வந்துவிடுங்கள் மேடம். மேலே ஃபேன் ஓடாது, அதனால் யாரும் இங்கே உட்கார மாட்டார்கள். பேசுவதற்கு வசதி. அண்ணா, ரெண்டு டீ. ஒன்றில் சர்க்கரை கம்மி. உங்களுக்குத் தேங்காய் பன்? வேண்டாமா, சரி.

நான்தான் மேகலா. விசாரிப்பதற்குப் பிலோமினா அக்கா என் பேரையா கொடுத்தார் என்று நேற்று போனிலேயே உங்களை ரெண்டு முறை கேட்டேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். என்னால் நம்ப முடியவில்லை, அதனால்தான் கேட்டேன். அந்த ஆபீஸில் இத்தனை பேர் இருக்க, என் பேரை.

அவரை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். எடுக்கலாம் மேடம். அதைச் சொல்லத்தான் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கு இந்த வேலை கிடைத்தாக வேண்டும். ஏப்ரலில் நின்றவர், இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். பையன் ப்ளஸ் டூ. வீட்டுக்காரருக்குத் தறி ஓடினால் சம்பளம், ஓடாவிட்டால் இல்லை. உங்கள் கம்பெனியிலும் கிடைக்காவிட்டால் சொந்த ஊர் திண்டுக்கல்லுக்கே போய்விடுவேன் என்று யாரிடமோ சொன்னாராம். அப்படிப் போனால் அது என்னால்தான். அதனால்தான் சொல்கிறேன், அவர் விஷயம் உங்களுக்கு முழுசாகத் தெரிந்துவிட்டால் நல்லது.

ஏன் நின்றார் என்பதற்கு அவர் என்ன எழுதியிருக்கிறார்? சொந்தக் காரணம். ம்.

அது முழு உண்மை இல்லை மேடம். நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வராது. எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அப்பா காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் படியை மிதித்தது நான் ஒருத்திதான். 'படிச்சுட்டு நாலு பேர ஏமாத்தற வேல மட்டும் பண்ணிராத கண்ணு' என்பார். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்டால் உங்களுக்கே தெரியும், தப்பு யார் மேல் என்று.

எங்கள் கம்பெனியில் அப்ரைசல் என்பதே இந்த வருஷம்தான் வந்தது. முன்பெல்லாம் ஓனர் பார்த்து ஏதாவது ஏற்றிக் கொடுப்பார், அவ்வளவுதான். இந்த முறை பெங்களூரிலிருந்து ஒரு ட்ரெயினரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் எல்லோரையும் சாம்பிள் ரூமில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தார். இந்த ஒரு வருஷத்தைத் திரும்பிப் பாருங்கள், என்ன செய்தீர்கள், எதில் தவறினீர்கள், யாரிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள், உங்கள் வளர்ச்சிக்கு இதுதான் படி என்றார். 'சும்மா கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. என்றைக்கு, என்ன நடந்தது, யார் கூட இருந்தார், எல்லாம் வேண்டும்' என்றார்.

மற்றவர்கள் நின்றுகொண்டே ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஃபார்ம் இங்கிலீஷில். நான் ஹாஸ்டல் ரூமுக்கு எடுத்துப் போய், டிக்ஷனரியை வைத்துக்கொண்டு முதலில் ரஃப் பேப்பரில் எழுதினேன். பிறகு ஃபேர். எனக்கு ஒரு ஃபார்மைப் பார்த்தால் பரிட்சைதான் ஞாபகம் வரும். நிறைய எழுதினால் நிறைய மார்க். மறுநாள் ஹெச்.ஆர். மேடத்திடம் போய் அடிஷனல் ஷீட் கிடைக்குமா என்று கேட்டேன். அந்த மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பிரிண்டரிலிருந்து தாள் உருவிக் கொடுத்தார். சாம்பிள் ரூம் சண்முகவடிவேல் அண்ணன் சும்மா இருப்பாரா? 'ஏனுங் மேகலா, நூல் கட்டித் தரட்டுங்களா? பேப்பர் பறந்துரப் போகுது' என்று ஒரு கோன் நூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். 'அவளை விடுங்கப்பா, எழுதட்டும்' என்றார். ஆமாம், அக்காதான் சொன்னார். எழுதட்டும் என்று.

நான் சேர்ந்தபோது அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர். உங்களுக்குத் தெரியாததா, வெளிநாட்டுப் பையருக்கும் நம் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று பதில் சொல்கிற வேலை. எல்லாமே மெயில்தான். எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், எழுத வராது. அதுவும் வெள்ளைக்காரனுக்கு எழுதுவது என்றால் கை ஓடாது. பிலோமி அக்கா பக்கத்து சீட். கான்வென்ட்டில் படித்தவர். முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். 'எழுதிட்டு அனுப்பாத, டிராஃப்ட்ல போடு, நான் பாக்கறேன்' என்றார். அன்றையிலிருந்து நான் அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் அவர் கை பட்டுத்தான் போயிருக்கிறது. யாருக்கும் தெரியாது. ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. கிண்டல் செய்வார், அது வேறு. 'இதென்னடி, லீவு லெட்டர் மாதிரி கெஞ்சறே? நீ பையருக்கு மருமகளா?' என்பார்.

ஒரு மெயிலை மட்டும் அவரிடம் காட்டாமல் அனுப்பினேன். அவர் லன்ச்சுக்குப் போயிருந்தார். பிரான்ஸ் பையர் சரக்கு எப்போது வரும் என்று கேட்டிருந்தார். அடுத்த வாரம் என்று எழுதிவிட்டேன். துணி கட்டிங்குக்கே வரவில்லை மேடம். ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லத் தெரியும்.

சொன்ன வாரம் தாண்டியும் சரக்கு போகவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் அந்தப் பையரிடமிருந்து வந்த மெயிலை நான் முழுசாகக்கூடப் படிக்கவில்லை. ஆர்டரையே ரத்து செய்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்காதான் வந்து தட்டினார். 'வெளிய வா. அழுதா ஆர்டர் நிக்குமா? முகத்தைக் கழுவு' என்றார். அந்த மதியம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிங் மாஸ்டரிடம் தேதி கேட்டு, பையருக்கு ஒரு பதில் எழுதி, அதை மூன்று விதமாக மாற்றி, கடைசியில் அனுப்ப வைத்தார். பையர் ஒத்துக்கொண்டார். மேனேஜர் சாமியப்பன் சாருக்கு இது எதுவும் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

இதைத்தான் மேடம் எழுதினேன். யாரிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்ற கட்டத்தில். நன்றியோடுதான் எழுதினேன். வியாழக்கிழமை மதியம் பிலோமினா அக்கா தன் வேலையை விட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்தார், அவர் இல்லையென்றால் நான் இன்று இல்லை என்று. தேதியைக்கூட மெயிலைத் திறந்து பார்த்துச் சரியாகப் போட்டேன். தப்பாகப் போட்டுவிடக் கூடாது இல்லையா.

அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை அக்கா டையிங் யூனிட்டுக்குப் போக வேண்டிய நாள். அவருடைய டென்மார்க் பையருக்கு ஒரு நீலம். சாம்பிள் துணியில் ஷேட் சரியாக இருக்கிறதா என்று நேரில் பார்த்து ஓகே சொன்னால்தான் மொத்தத் துணியையும் சாயத்தில் இறக்குவார்கள். அக்கா போகவில்லை. என்னோடு இருந்தார். டையிங்கிலிருந்து போன் வந்தபோது, 'போன தடவை போட்ட அதே ஷேட்தானுங்களே? போட்ருங்க' என்று சொல்லிவிட்டார். துணி வந்தது. நீலம் வேறு நீலமாக இருந்தது. பையர் வேண்டாம் என்றுவிட்டார். மறுபடி சாயம் போட்டு, மறுபடி தைத்து, கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. செலவு முதலில் கம்பெனி தலையில்.

நேரில் போய்ப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, அப்புறம் டையிங்கில் மாற்றிவிட்டார்கள் என்று அக்கா சாரிடம் சொல்லியிருந்தார்.

இது எனக்குத் தெரியாது மேடம். அக்கா சாரிடம் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. எழுதும்போது சத்தியமாக...

இருங்கள். சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குச் சார் போன் செய்தபோது அக்கா என் பக்கத்தில்தான் இருந்தார். 'டையிங்லதான் இருக்கேன் சார், மெஷின் சத்தம், கேக்கல' என்று சொல்லிவிட்டுக் கட் செய்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சிரித்தேன். அழுது முடித்த முகத்தோடு சிரித்தேன். எனக்காகத்தான் அந்தப் பொய் என்று தெரியும். மேகலாவோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால், எதற்கு என்று சார் கேட்பார். என் மெயில் வெளியே வரும்.

பிறகு அந்த டையிங்காரர் ஆபீஸுக்கே வந்தார். அந்த நஷ்டத்தை அவர் பில்லில் பிடித்துவிட்டார்கள் என்று. எல்லோருக்கும் நடுவில் நின்று, 'யாருமே வந்து பாக்கலீங்க. போன்லதான் போடச் சொன்னாங்க. எங்கொழந்த மேல சத்தியமுங்க' என்றார். வயதானவர். அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் அவரை வெளியே அனுப்பிவிட்டார். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை மேடம். அப்போது திறந்திருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

எழுதும்போது இது ஞாபகம் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். வரவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அக்காவிடமும் அப்படித்தான் மெசேஜ் போட்டேன். வந்தது. தேதி பார்க்க மெயிலைத் திறந்தபோது வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்தேன். நன்றி சொல்வதில் என்ன தப்பு என்று நினைத்தேன். நாள் குறிப்பிடாமல் விடலாமா என்றும் நினைத்தேன். நாள் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை என்று அந்த ட்ரெயினர் சொல்லியிருந்தார். கட்டத்தில் இடமும் இருந்தது.

டீ ஆறுகிறது மேடம். குடியுங்கள்.

சாமியப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். 'ரெண்டு தடவ படிச்சேன்மா. இந்த ஆபீஸ்லயே ஒழுங்கா எழுதுனது நீ ஒருத்திதான்' என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிறகு சாதாரணமாகக் கேட்டார். 'இந்த வியாழக்கிழமைங்கறது நல்லா ஞாபகம் இருக்குதா?' என் முகம் மாறியிருக்கும். இல்லை சார், வெள்ளிக்கிழமையாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரே அதற்கு வழி விட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான், 'மெயில் இருக்குதுங் சார், ஃபார்வர்ட் பண்றேன்' என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் எனக்குச் சும்மா இருக்க வராது. ஃபார்வர்டும் செய்தேன். அதில் அக்கா திருத்திய டிராஃப்ட்டுகள் நேரத்தோடு இருந்தன.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவைக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், எதுவும் கேட்காது. அக்கா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை போல. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒரு தாளை வாங்கி எழுதினார். அதைத்தான் ராஜினாமா என்கிறார்கள். அவராக எழுதியது இல்லை மேடம், எழுதித் தரச் சொன்னார்கள். சொந்தக் காரணம் என்று போடச் சொன்னதும் அவர்கள்தான். போலீஸ் அது இது என்று போகாமல் மரியாதையாக அனுப்புகிறோம் என்றார்களாம். இதில் போலீசுக்கு என்ன இருக்கிறது? சும்மா பயமுறுத்துவதற்கு.

அக்கா வந்து டிபன் பாக்ஸை எடுத்தார். மேஜை மேல் வைத்திருந்த மாதா படத்தை எடுத்தார். நான் எழுந்து நின்றேன். ஏதோ சொல்ல வந்தேன், 'அக்கா, நான் நன்றிதான்...' என்று. அவர் சொன்னார்: 'படிக்கக் குடுத்தாங்க மேகலா. நல்லா எழுதியிருக்கே. இங்கிலீஷ்ல ஒரு தப்பு இல்ல.'

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அந்த டையிங்காரருக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். 'உண்மையச் சொன்ன மகராசி' என்றார். நான் படியேறி ஓடிவிட்டேன்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்க மாட்டீர்களா? ஆபீஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. பிரான்ஸ் மெயில் விஷயத்தையும்தான் எழுதியிருந்தேன், எதில் தவறினீர்கள் என்ற கட்டத்தில். அதற்குத் தண்டனை வரும் என்று எதிர்பார்த்தேன். தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்ளும் தைரியம் என்று மீட்டிங்கில் என் பேரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். சண்முகவடிவேல் அண்ணன் தட்டவில்லை. இப்போது நான் அசிஸ்டென்ட் இல்லை, மெர்ச்சண்டைசர். டென்மார்க் பையரை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். நான் மறுத்தால் அக்காவுக்கு என்ன கிடைக்கப்போகிறது? வேறு யாருக்காவது போகும். அதனால் சரி என்றேன். சீட்டும் மாற்றிவிட்டார்கள். அக்கா சீட்டில்தான் ஏ.சி. நேராக வரும்.

அப்பா போனில், 'வருசப் பரிட்ச என்னாச்சு கண்ணு, பாசா?' என்றார். பாஸ் என்றேன். ஆலையில் எல்லோருக்கும் மிக்சரும் டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். 'யார ஏமாத்தாம மேல வந்தா பாரு, எம்புள்ள' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம். அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். லீவு இருக்கிறது.

இப்போது பையருக்கு மெயில் எழுதும்போதெல்லாம் டிராஃப்ட்டில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் பார்க்க வர மாட்டார்கள் என்று தெரியும். கொஞ்ச நேரம் கழித்து நானே அனுப்பிவிடுவேன்.

அதனால் சொல்கிறேன் மேடம், தப்பு அக்கா மேல் இல்லை. அவர் பொய் சொன்னது தனக்காக இல்லை. எல்லாம் எனக்காக. நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டும். ஏன் மேடம், போனிலேயே ஷேட் ஓகே சொல்வது அவர் வழக்கமா என்றா கேட்கிறீர்கள்? வழக்கம் என்று சொல்ல முடியாது. எப்போதாவது. வேலை நெருக்கும்போது. எல்லோரும் செய்கிறதுதானே. நான் பார்த்தது... அதற்கு முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அப்போது ஒன்றும் ஆகவில்லை, ஷேட் சரியாகவே வந்தது.

அதற்குள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? டீ அப்படியே இருக்கிறதே. நேரமாகிவிட்டதா? உங்கள் எம்.டி.யிடம் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள், நான் சொன்னது எல்லாவற்றையும் சொல்லுங்கள், எதையும் மறைக்க வேண்டாம். எங்கே கேட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

மேடம், ஒரு நிமிடம். காலையில் அக்கா போன் செய்தார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாக. அவர் பேரை ஸ்க்ரீனில் பார்த்ததும் எனக்கு எடுக்கவே பயமாக இருந்தது. நலம் விசாரிக்கவில்லை. 'புதுக் கம்பெனியில, கடைசியா என் பக்கத்துல வேல பாத்தவங்க பேரு கேட்டாங்க, உன் பேரத் தவிர வேற வழியில்ல' என்றார். 'சாயங்காலம் ஒருத்தங்க வருவாங்க. நல்லா வேல பாப்பாங்கன்னு ஒரே ஒரு வரி சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். உன்னைய எனக்குத் தெரியும், மேகலா, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்' என்றார். சரிக்கா என்றேன்.

அந்த வரியை நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா?

அக்கா நன்றாக வேலை பார்ப்பார், மேடம்.